அக்காவுக்கு வயதாகிவிட்டது என்று நான் சொன்னது குறித்து

மரியாதைக்குரிய அத்தைக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், மாமா உப்பைக் குறைத்திருப்பார் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. இந்த வீட்டில் எல்லோரும் என்றால் அப்பா, நான், வண்டி, ஆக மூவர். மூவரில் யார் நலம் என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வியாழக்கிழமை நடந்தது. நீங்கள் தொலைபேசியில் அழைத்தபோது என் இரண்டு கையிலும் கிரீஸ். மூக்கால் தொட்டு அழைப்பை எடுத்தேன். எடுத்ததை உறுதி செய்யாமல் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டேன். "அக்காவுக்கு வயசாயிடுச்சுப்பா. துரு ஏறிப்போச்சு. இனி வெயிட்டெல்லாம் தாங்காது, தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு பாத்துக்கலாம்." இதைச் சொன்னது நான்தான், மறுக்கவில்லை. அதற்கு அப்பா, "வேணாம். அக்கா... வேணாம்" என்று சொன்னதும் உங்கள் காதில் விழுந்திருக்கும். நான் "ஹலோ" என்றபோது நீங்கள் வைத்துவிட்டீர்கள். சாயங்காலம் மாமா கூப்பிட்டு, உங்கள் அத்தை மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அப்படி அவள் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தாள் என்று கேட்டார். சொன்னேன். மாமா நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். அதனால்தான் எழுத்தில் தருகிறேன்: அக்கா என்றால் ஜாக்கி. வண்டியைத் தூக்குகிற ஜாக்கி. நீங்கள் இல்லை.

மூளையில் இரத்தம் அடைத்த பிறகு அப்பாவின் சொற்கள் எதுவும் காணாமல் போகவில்லையாம், அலமாரி அறைகளில் இடம் மாறிப் போய்விட்டனவாம். டாக்டர் அப்படித்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் நீங்கள் கட்டில் ஓரம் நின்று, ஒரே ஒரு முறை அக்கா என்று கூப்பிட மாட்டானா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா உங்களைப் பார்த்து "குடை" என்றாரே, நீங்கள்கூட சன்னல் பக்கம் திரும்பி மழை பெய்கிறதா என்று பார்த்தீர்களே, அதே கோளாறுதான். இப்போது அவருக்கு ஸ்பேனர் என்றால் கரண்டி, திருப்புளி என்றால் பேனா, எண்ணெய் என்றால் பால். இதிலெல்லாம் கொஞ்சம் உருவ ஒற்றுமை இருக்கிறது. சுத்தியலை ஏன் டாக்டர் என்கிறார் என்று நான் கேட்கவில்லை. ஜாக்கியை ஏன் அக்கா என்கிறார் என்பதும் தெரியவில்லை. உருவ ஒற்றுமை எதுவும் இல்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஊரார் எழுதுவதில் பிழை திருத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். அப்பா சொல்வதைத் திருத்தப் போனால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறார். ஆகவே திருத்துவதை நிறுத்திவிட்டு நானும் அதே மொழியில் பேசத் தொடங்கினேன். வியாழக்கிழமை நீங்கள் கேட்டது அந்த மொழியைத்தான்.

வண்டி விஷயத்தில் நம் ஒப்பந்தம் எனக்கு மறக்கவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் வண்டி தகுதிச் சோதனையில் தேறினால் அப்பா இங்கேயே இருப்பார், தேறாவிட்டால் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கவனிப்பு இல்லத்துக்கு நீங்களும் மாமாவும் வந்து அழைத்துப் போவீர்கள். கால் பயிற்சிக்கு வாரம் தவறாமல் போக வேண்டும், மடங்காத வலது காலை வைத்துக்கொண்டு அவரால் வேறெந்த வண்டியிலும் ஏற முடியாது, பின்னிருக்கையை மடக்கி மெத்தை போட்டால் ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவு முதுகு நீண்ட இந்தக் கிழட்டு ஸ்டேஷன் வேகன் ஒன்றுதான் அவருக்கு வழி. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் தலையாட்டினேன். பட்டறைக்காரரைக் கூட்டி வந்தும் காட்டினேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி அதன் கூரையை இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தார், போய்விட்டார். அதன் பிறகுதான் நாங்களே செய்வதென்று ஆரம்பித்தோம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல வேண்டும், நான் கீழே உட்கார்ந்து செய்ய வேண்டும். இத்தனை வருஷம் அந்த வண்டியில் வேறு யாரையும் கை வைக்க விடாதவர் அவர். அவர் மூளை, என் கை. ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை, நடுவில் மொழி ஒன்று இருந்ததைத் தவிர.

முதலில் எஞ்சின் ஆயில் மாற்றினோம். பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். "போதும்" என்றார். நிறுத்தினேன். "போதும், போதும்" என்று இன்னும் சத்தமாகச் சொன்னார். நிறுத்தித்தானே இருக்கிறேன் என்று பாத்திரத்தைக் காட்டினேன். அவர் இடது கையால் தொடையில் அடித்துக்கொண்டு, "போதும்மா, போதும்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவருக்குப் போதும் என்றால் இன்னும் என்று அர்த்தம். ஊற்றினேன். அவர் முகம் மலர்ந்தது. அவர் போதும் போதும் என்னும்தோறும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியாகச் சொன்ன ஒன்றிரண்டு போதும்கள் நிஜமான போதும்களாக இருந்திருக்கின்றன. வண்டியைக் கிளப்பியதும் வந்த புகையில் பக்கத்து வீட்டு வக்கீல் தன் குடும்பத்தைத் தெருவுக்கு அழைத்து வந்து நிறுத்திவிட்டார். பாதி ஆயிலை மறுபடி வடித்தோம். அப்படியும் அன்று இரவு போதும் என்றால் இன்னும் என்று நானே மனத்துக்குள் விதி எழுதிக்கொண்டேன். அந்த விதி பின்னால் வருகிறது.

அடுத்தது டிக்கிக் கதவு. அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய இரண்டு கம்பிகளிலும் காற்றுப் போய்விட்டது, கதவு நிற்பதில்லை. அப்பாவின் கைத்தடியை முட்டுக் கொடுத்தால் கச்சிதமாக நிற்கிறது. ஆனால் டிக்கி திறந்திருக்கும்போது அப்பா நடக்க முடியாது, அப்பா நடக்கும்போது டிக்கி திறக்க முடியாது. ஒரு முறை அவருக்குக் கழிவறை அவசரம் வந்து, எழுந்து, தன் தடி எங்கே நிற்கிறதோ அங்கேயே போய் அதை எடுத்துக்கொண்டார். நான் உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு நெற்றியில் தையல் இல்லை, வீக்கம்தான். அப்பா சிரித்தார், அத்தை. வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரிக்கிறது, ஆனாலும் சிரித்தார். பழைய இரும்பு எடுக்கிறவர் அந்த நேரம் பார்த்து வாசலில் தள்ளுவண்டியை நிறுத்தினார். வாரத்துக்கு ஒரு தடவை வந்து விசாரிப்பது அவர் வழக்கம். வண்டியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். "இன்னும் எத்தன நாளைக்குத் தாங்கும்மா?" என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை. வக்கீல் உங்களுக்கு ஏதாவது சொல்லியிருப்பார், அதனால் நானே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். சைலன்சர் குழாய் தரையில் இழுபடுகிறது, அதை மேலே தூக்கிக் கட்ட வேண்டும். பிரேக்கையும் பார்த்துவிடலாம் என்று பின்பக்கத்து இடது சக்கரத்தைக் கழற்றி வைத்தேன். வண்டி ஜாக்கியின் மேல் நின்றது. அதே பழைய ஜாக்கிதான். தூக்கிப் போடக் கூடாதென்று வியாழக்கிழமை அப்பா வேணாம் வேணாம் என்று தடுத்தாரே, அது. நான் அடியில் நுழையப் போனதிலிருந்து அப்பா "நாக்காலி, நாக்காலி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெயில் முகத்தில் அடிக்கிறது போலிருக்கிறது என்று நாற்காலியோடு அவரை நிழலுக்கு நகர்த்தினேன். மறுபடியும் "நாக்காலி." இன்னும் நகர்த்தினேன். அவர் விடவில்லை. "இதுக்கு மேல எங்கப்பா தள்றது, வண்டிக்குள்ளயே உக்காருங்களேன்" என்று கொஞ்சம் சலித்துக்கொண்டு சக்கரம் கழற்றிய இடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, நாலு கால் வைத்த இரும்புத் தாங்கி ஒன்றை முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதும், அந்தத் தாங்கி எங்கள் கொட்டகையிலேயே பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது என்பதும் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை.

அடியில் மல்லாந்து படுத்துக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா "போதும்" என்றார். இன்னும் முறுக்கினேன். "போதும்மா. போதும். போதும்" என்றார், குரல் உயர்ந்துகொண்டே போனது, நானும் விதிப்படி இன்னும் இன்னும் என்று முறுக்கிக்கொண்டே இருந்தேன். பிறகு "அக்கா, அக்கா" என்று கத்தினார். அக்கா இங்கேதான் இருக்குப்பா என்றேன். அதற்குப் பதிலாக ஏதோ பெரியது என் முழங்கால்களின் மேல் விழுந்தது. அப்பாதான். நாற்காலியோடு சரிந்து விழுந்திருந்தார், நெற்றி தரையில் மோதி இரத்தம் வந்துகொண்டிருந்தது. பதறிப்போய் ஊர்ந்து வெளியே வந்து, அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்துச் சுவரோரம் சாய்த்தேன். சாய்த்துவிட்டுத் திரும்பும்போது ஜாக்கி ஒரு பக்கமாகக் குனிந்தது, வண்டி இறங்கியது. சத்தம் நான் நினைத்த அளவு பெரிதாக இல்லை. நான் முறுக்கிக்கொண்டிருந்த கம்பி தட்டையாகிவிட்டது.

வக்கீல் சுவர் ஏறிக் குதித்து வந்தார். அவர் வயதுக்கு அது பெரிய காரியம். அப்பாவைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தோம், பக்கத்துக் கிளினிக்கிலிருந்து நர்ஸ் வந்து நெற்றிக்குக் கட்டுப் போட்டுப் போனார், பயப்பட எதுவும் இல்லை. அப்பா நாற்காலியிலிருந்து தவறி விழுந்துவிட்டார் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் அப்படித்தான் சொல்லப் போகிறேன்.

மற்றபடி கவலைப்பட ஏதுமில்லை. வண்டி இப்போது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, அதை நிமிர்த்த வேண்டும், அவ்வளவுதான். மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. ஆகவே நீங்கள் உடம்பைக் கெடுத்துக்கொண்டு புறப்பட்டு வர வேண்டாம். இல்லத்துக்காரர்களிடம் அறை வேண்டாம் என்று மாமாவைச் சொல்லச் சொல்லுங்கள். அப்பா உங்களைப் பழித்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை மட்டும் நம்புங்கள், உங்களைப் பற்றி அவர் பேசவே இல்லை. இந்த வீட்டில் அக்கா என்ற சத்தம் எப்போது கேட்டாலும் அது துரு ஏறிய ஓர் இரும்பைப் பற்றியது. மாமாவுக்கு என் வணக்கம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் ஆசி எங்கள் மூவருக்கும் வேண்டும், சாய்ந்து நிற்பவருக்குக் கொஞ்சம் அதிகமாக.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டி வைத்திருந்தேன், பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். இன்று காலை அப்பா கண் விழித்ததும் "அக்கா" என்றார். வளைந்துபோன ஜாக்கியைத் துடைத்துக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தேன், பிரிய மனமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு. இடது கையால் அதைத் தள்ளினார். "அக்கா" என்றார். தண்ணீர் கொடுத்தேன், தலையணையை உயர்த்தினேன், சன்னலைத் திறந்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டி "அக்கா, அக்கா" என்றார். சரி என்று மறுபடியும் ஜாக்கியை எடுத்து அவர் கையில் கொடுக்கப் போனேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் சின்ன வயதில் கணக்கைத் தப்பாகப் போட்டால் பார்ப்பாரே, அதே பார்வை. ஒவ்வொரு எழுத்தாக, "இது ஜாக்கி" என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பிப் படுத்து, "அக்கா எங்க?" என்றார்.

ஆகவே மேலே எழுதியிருப்பதில் எதையும் பொருட்படுத்த வேண்டாம். வண்டி தேறாது. அப்பா தவறி விழவில்லை, விழுந்தார். நீங்கள் புறப்பட்டு வாருங்கள். இல்லத்தைப் பற்றி அவரையே கேட்டுக்கொள்ளலாம், அவர் போதும் என்று சொன்னால் உடனே முடிவு கட்டிவிடாமல் முகத்தைப் பாருங்கள். வரும்போது மாமா வண்டியிலிருந்து ஜாக்கியை எடுத்து வாருங்கள். இனி இந்த வீட்டில் அதை ஜாக்கி என்றே கூப்பிடுவோம்.