சண்டிலிப்பாயில் தொடங்கும் சத்தம்

பண்டத்தரிப்பு,
1936 மாசி 27.

கோலாலம்பூர் றெயில்வேக் கந்தோரில் உத்தியோகம் பார்க்கும், என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய சின்னையா அவர்களுக்கு, உங்கள் அண்ணரின் மகள் சிவக்கொழுந்து வணக்கத்துடன் எழுதுவது. ஐயாவும் அம்மாவும் நானும் சுகம். மாடுகளும் சுகம். நீங்கள் எங்களிடம் விட்டுப்போன காரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இதே கப்பலில் ஐயாவின் கடிதமும் வரும். வள்ளங்கள் வைத்திருக்கும் குருநகர் செபநாயகம் சம்மாட்டியாருக்குக் காரை மீன் ஏற்ற விற்றுவிடலாமா என்று அதில் உங்களிடம் கேட்டிருப்பார். தயவுசெய்து இதை முதலில் வாசியுங்கள். கார் போனால் என் படிப்பும் போய்விடும். வளர்ந்த பிள்ளையைப் பட்டினத்துக்கு பஸ்ஸில் அனுப்ப ஐயா ஒருநாளும் சம்மதிக்கமாட்டார், சோதனைக்கோ இன்னும் பத்து மாதந்தான் இருக்கிறது.

சங்கதி இதுதான். தைப்பொங்கல் முடிந்த கிழமையிலிருந்து, பள்ளிக்கூடம் போகும்போது சண்டிலிப்பாய் தாண்டியதும் காரின் முன்பக்கத்தில் ஒரு முனகல் தொடங்கும். போகப்போக அது உறுமலாகி, மானிப்பாய்ச் சந்தியில் ‘டக் டக் டக்’ என்று யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது போலக் கேட்கும், எஞ்சினை மூடும் பொனற்றின் விளிம்பால் ஆவியும் வரும். நான் பயந்துபோய் டிறைவர் ஏரம்பண்ணையிடம் கேட்டால், “உது ஒண்டுமில்லைப் பிள்ளை, தானாய் நிக்கும்” என்பார். பள்ளிக்கூட வாசலில் இறங்கிக் கிட்டப் போய்ப் பார்க்கலாமென்றால், “சூடு, கிட்டை வராதை” என்று கலைத்துவிடுவார். வகுப்புக்குள் போய் யன்னலால் எட்டிப் பார்ப்பேன். அவர் வேப்பமரத்தடியில் ஆவி பறக்கத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். அவ்வளவு வெள்ளென எந்தக் கடை திறந்திருக்கிறதோ தெரியாது. அந்தக் கிழமையே அம்மா தண்ணீர் கொதிக்கவைக்கும் சின்னக் கேத்திலும் காணாமற்போனது. சயன்ஸ் பரிசோதனைக்கு நான்தான் எடுத்தேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறா. அது வேறு கதை.

ஒருநாள் ஐயாவும் என்னோடு காரில் வந்தார். மானிப்பாயில் ‘டக் டக்’ கேட்டதும் முகம் வெளிறி, “இது வெடிக்கப்போகுது. என்ரை பிள்ளையோடை வெடிக்கப்போகுது” என்றார். மறுநாள் பட்டினத்தில் கராச் வைத்திருக்கும் சிமியோனைக் கூப்பிட்டார். சிமியோன் ஒரு நீளமான திருப்புளியின் நுனியைத் தண்ணீர்க் குழாயில் ஊன்றி, மற்றப் பக்கத்தைக் காதில் வைத்து, டொக்டர் மாதிரிக் கண்ணை மூடினார். ஒன்றுமில்லை. என்னையும் ஐயாவையும் ஏற்றிக்கொண்டு மானிப்பாய் வரை போய் வந்தார். கார் பூனைக்குட்டி போலப் போனது. “காரிலை ஒரு குறையுமில்லை. தங்கச்சியின்ரை காதைத்தான் ஆருக்கும் காட்டவேணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. அடுத்த நாட் காலை சண்டிலிப்பாயில் முனகல் மறுபடி தொடங்கியபோது, கார் எங்களை மட்டும் ஏமாற்றுகிறதே என்று திகைத்துப்போனேன். ஐயா சம்மாட்டியாருக்கு ஆள் அனுப்பியது அன்றைக்குத்தான்.

அதே கிழமை எங்கள் சயன்ஸ் ரீச்சர் சுண்ணாம்பைப் பற்றிப் படிப்பித்தா. யாழ்ப்பாணத்து நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல், அதனால் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது, கொதிக்கும்போது அது பாத்திரத்தில் படிந்து சத்தம் எழுப்பும் என்றா. நான் வாங்கிலிருந்து எழும்பிவிட்டேன். காரின் சத்தம் அச்சொட்டாகக் கேத்தில் சத்தம். வீட்டுக்கு ஓடிவந்து பெரிய கேத்திலுக்குள் சுரண்டிப் பார்த்தால் முட்டைக்கோது தடிப்பில் வெள்ளைப் படிவு. நாலு வருஷமாக உங்கள் காருக்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தானே விட்டோம். புளிப்பு விட்டால் சுண்ணாம்பு கரையும் என்று ஐயாவுக்குப் புத்தகத்தைக் காட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு அம்மாவிடம் புளி கேட்டார்.

“காருக்குப் புளியோ? அப்ப மிளகும் உள்ளியும் இடிச்சுப் போட்டு ரசமாய் வைச்சு விடுங்கோவன்” என்றா அம்மா. ஆனாலும் கொடுத்தா. ஏரம்பண்ணை மட்டும் றேடியேற்றர் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, “வேண்டாம் பிள்ளை, ஓடுற கார்” என்று நாலைந்து தரம் சொன்னார். படியாதவர் பேச்சென்று நான் கேட்கவில்லை.

புளித்தண்ணீரை விட்டு, எஞ்சினை ஒரு மணித்தியாலம் ஓட்டி, கீழ்த் திருகைத் திறந்தோம். சுண்ணாம்பு கட்டி கட்டியாக வந்தது. நான் அடைந்த பெருமையை எழுதமுடியாது. பிறகு நல்ல தண்ணீர் விட்டோம். றேடியேற்றரில் ஓட்டையே இல்லாத ஓரிடத்திலிருந்து ஒரு துளி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. இருபத்துமூன்று வரை எண்ணினேன். சின்னையா, அந்தச் சுண்ணாம்புதான் இத்தனை காலமும் றேடியேற்றரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. புத்தகத்தில் அது இல்லை. ஐயா என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

லொறிக்காரர் மா போட்டு அடைப்பார்கள் என்று ஏரம்பண்ணை, அம்மா கூழுக்கென்று பனங்கிழங்கு இடித்து வைத்திருந்த ஒடியல்மாவில் இரண்டு கை கரைத்து ஊற்றினார். ஒழுக்கு நின்றது. மறுநாள் மானிப்பாய்ச் சந்தியில் காரைச் சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள். “என்ன ஏரம்பு, கூழ் காய்ச்சிறியோ?” என்றார் ஒருவர். “நண்டு போட்டாச்சோ?” என்றார் மற்றவர். வெட்கத்தில் நான் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன். ஆனாலும் கூழ் மணக்க மணக்கக் கார் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது, இன்றோடு மூன்று நாள் அந்த முனகலும் இல்லை, தட்டலும் இல்லை. ஆகவே என் முடிவு சரியென்றே நினைக்கிறேன். நோய் தீர்ந்த காரை விற்கவேண்டாம் என்று ஐயாவுக்கு நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

சின்னம்மாவுக்கும் தம்பிமாருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். செல்வச்சந்நிதி முருகனிடம் வெள்ளிக்கிழமைதோறும் உங்கள் சுகத்துக்காகக் கேட்கிறேன். மூன்று கிழமையாகக் காருக்காகவும் சேர்த்துக் கேட்கிறேன்.

இப்படிக்கு, கீழ்ப்படிவுள்ள மகள்,
சிவக்கொழுந்து.

பி.கு: உறையை ஒட்டமுன் இதையும் எழுதவேண்டியிருக்கிறது. மிச்ச ஒடியல்மாவை எடுக்கக் கார்க்கொட்டிலுக்குப் போன அம்மா, ஒரு சாக்குக்குள்ளிருந்து தன் சின்னக் கேத்திலை எடுத்துவந்தா. அடி கரிக்கறுப்பு. பிடியில் கட்டுக்கம்பி.

“உது என்னெண்டு அங்கை போனது?” என்று கேட்டா.

ஏரம்பண்ணை நிலத்தைப் பார்த்தார். “பொனற்றுக்குள்ளை புகைக்குழாயோடை கட்டிவிட்டால் மானிப்பாயிலை தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கும் அக்கா. கேத்தில் மூடிதான் கொஞ்சம் அடிக்கும்.”

“சிமியோன் வந்த அண்டைக்கு?”

“அண்டைக்குக் கழட்டி வைச்சிட்டன்.”

“அப்ப புளி விடேக்கை ஏனடா கேத்திலைப் பற்றி வாய் திறக்கேல்லை?” என்றார் ஐயா.

“வேண்டாமெண்டுதான் சொன்னன், ஆனால் பிள்ளை புத்தகத்தைக் காட்டிச் சொல்லிச்சுதல்லோ. நானும் சுண்ணாம்புதானாக்குமெண்டு நம்பிப்போட்டன். பிறகு கார் ஒழுகவும் பயந்துபோய்க் கட்டாமல் விட்டிட்டன்.”

அந்த நேரம் பார்த்துச் செபநாயகம் சம்மாட்டியார் காரைப் பார்க்க வந்தார். றேடியேற்றர் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். “மீன் நான் ஏத்துவன். இந்தக் கூழ்ப்பானையை நீங்களே வைச்சிருங்கோ, எனக்கு வேண்டாம்” என்று போய்விட்டார். ஆகவே ஐயாவின் கடிதத்துக்கும் பதில் எழுதத் தேவையில்லை, என் கடிதத்துக்கும் தேவையில்லை. ஐயா றேடியேற்றர் மூடியைத் திருகிப் பூட்டிவிட்டு, “பழுதாக்கினவளே படிச்சுத் திருத்தட்டும். மாக் கரைச்ச காரை நம்பேலாது, நாளைக்கு வண்டிலைக் கட்டு” என்று ஏரம்பண்ணையிடம் சொன்னார்.

நாளையிலிருந்து விடிய நாலரைக்குப் புறப்படவேண்டும். மாட்டு வண்டிலில் கேத்திலை எங்கே கட்டுவது என்று ஏரம்பண்ணை இப்போதுதான் வந்து கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.