சிறுத்தை ஏறி உட்கார்ந்த கொலு

ஒரு காட்டில் புரட்டாசி மாதத்தில் மட்டும் யாரும் யாரையும் தின்பதில்லை.

மற்ற மாதங்களில் அதுவும் எல்லாக் காடுகளையும் போலத்தான். காலையில் வணக்கம் சொன்னவரை மாலையில் காண முடியாது. ஆனால் புரட்டாசி பிறந்துவிட்டால் சிறுத்தை நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு வெள்ளரிப்பிஞ்சு கடிக்கும். மலைப்பாம்பு ஒரு பூசணிக்காயை விழுங்கிவிட்டு, அது உள்ளே துடிக்கவில்லையே என்ற ஏமாற்றத்துடன் படுத்திருக்கும். கழுகுகள் தயிர்சாதம் போடும் கோயில்களுக்கு மேலே வட்டமிடும். இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை. நல்ல வழக்கம் ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது அதைப் போய் விசாரிப்பவர் யாரும் அந்தக் காட்டில் இல்லை.

சிறு பிராணிகள் பயமில்லாமல் நடமாட முடிந்தது அந்த ஒரு மாதம்தான். அதை அவை ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய், பார்த்துவிட்டு வந்து, குறை சொல்லப் பயன்படுத்திக்கொண்டன. ஆகவே நவராத்திரிக்கு வீட்டை அலங்கரிப்பது அங்கே சாதாரணக் காரியமாக இருக்கவில்லை. மற்ற நாளில் ஒரு முயல் தன் வளைக்குத் தோரணம் கட்டினால், இங்கே சாப்பாடு தயார் என்று பலகை மாட்டுவதற்குச் சமம். புரட்டாசியில் தோரணம் கட்டாவிட்டால்தான் கேவலம்.

மருதமரத்தடியில் பாறைக்குக் கீழே குடியிருந்த முயல் பூங்காவனம், அந்த வருடம் பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கித் திறந்தாள். உள்ளே மண் இருந்தது. காகிதக்கூழ் பொம்மைகள் அத்தனையையும் கரையான் தின்றுவிட்டிருந்தது. தசாவதாரத்தில் ஒரு அவதாரமும் மிச்சமில்லை. செட்டியார் கடை செட்டில் தராசு மட்டும் கிடந்தது. கரையான்கள் நல்லவர்கள். குடும்பத்தோடு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். இருட்டில் சாமி எது, செட்டியார் எது என்று தெரியவில்லை என்றார்கள்.

பூங்காவனத்தின் கணவன் தணிகாசலம், இந்த வருடம் படி கட்டாமல் ஒரு கலசம் மட்டும் வைத்து விளக்கேற்றலாம் என்று சொல்லிப் பார்த்தான். அவள் எதிர்ப்பக்கம் பார்த்தாள். எதிர் வளையில் முள்ளம்பன்றி கோமளம், தன் முதுகு முள் ஒவ்வொன்றிலும் ஒரு சாமந்திப்பூவைக் குத்திக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். தோரணமும் அவளே, வரவேற்பவளும் அவளே. வந்தவர்கள் எல்லாம் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். யாரும் கட்டிப்பிடிக்க முடியவில்லை என்பது ஒன்றுதான் குறை.

அப்போதுதான் பூங்காவனம் கைபேசியில் நரியைத் தேடினாள்.

நரி அந்தக் காட்டின் வீட்டு அலங்கார நிபுணர். 'நரியின் நல்ல வீடு' என்று ஒரு வீடியோ சேனல் நடத்தியது. பண்டிகைக்குப் பண்டிகை, செலவில்லாமல் எளிதாக வீட்டை அலங்கரிப்பது எப்படி என்று சொல்லும். பழைய சிலந்தி வலையைத் தூக்கி எறியாதீர்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்துத் திரைச்சீலை ஆக்குங்கள் என்று சொன்னது அதுதான். மின்மினிகளைப் பனை ஓலைக் குடுவையில் போட்டுச் சர விளக்காக மாட்டச் சொன்னதும் அதுதான். மின்மினிகள் ஆட்சேபித்தபோது, அவற்றின் பெயரும் படத்தோடு வரும் என்றது. ஆட்சேபம் அடங்கிவிட்டது.

நரிக்குச் சொந்தமாக வீடு கிடையாது. சிறுத்தையின் குகைக்குப் பின்னால் படுத்துக்கொள்ளும். சிறுத்தை தின்று மிச்சம் வைப்பதுதான் அதன் சாப்பாடு. புரட்டாசியில் சிறுத்தை மிச்சம் வைப்பது வெள்ளரிக் காம்பு. நரி அதைத்தான் மாதக்கணக்காக அல்ல, யுகக்கணக்காக மென்றுகொண்டிருப்பதுபோல் உணர்ந்தது.

பூங்காவனம் தன் நிலைமையைச் சொன்னதும் நரி, எத்தனை குழந்தைகள் என்று கேட்டது. அவள் நிறைய என்றாள். படிகள் நிறையுமா என்று கேட்டது. நிறைந்து வழியும் என்றாள்.

"அப்புறம் பொம்மை எதுக்கும்மா?" என்றது நரி. "பிள்ளைங்களையே உட்கார வை. உயிருள்ள கொலு. இதுவரைக்கும் எவளும் வச்சதில்லை."

பூங்காவனத்தின் காதுகள் நிமிர்ந்தன. கோமளத்தின் முகம் எப்படி மாறும் என்று அப்போதே அவளுக்குத் தெரிந்தது.

வேலை உடனே தொடங்கியது. வளை வாசலில் படிப்படியாக இருந்த பாறைக்கு வெள்ளை வேட்டி விரித்தார்கள். ஒரு பிள்ளைக்கு மயிலிறகு செருகிக் கண்ணனாக்கினார்கள். இரண்டு பேருக்குத் தொந்தி வைத்துச் செட்டியாரும் ஆச்சியுமாக்கித் தராசைக் கையில் கொடுத்தார்கள். நாலைந்து பேர் கிரிக்கெட் அணி. எல்லாரிலும் சின்னவன் மணிக்குட்டிக்குத் தாழங்குடை கொடுத்து வாமனனாக்கி, மேலிருந்து இரண்டாவது படியில் நிறுத்தினார்கள். உச்சிப் படியில் அம்மன் இருக்க வேண்டும். அம்மனாகும் அளவுக்கு வளர்ந்த பிள்ளை யாரும் இல்லை. மறைக்க ஒரு கலசம் வைத்தார்கள். பொம்மை அசையக் கூடாது, பேசக் கூடாது, அசைந்தால் சுண்டல் கிடையாது என்று பூங்காவனம் உத்தரவு போட்டாள்.

முதல் நாளிலிருந்தே கூட்டம் வந்தது. மான்கள் வந்தன. காட்டெருமை வந்து, கூட்டத்துக்குள் வர இடமில்லாமல் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு போனது. கோமளமும் வந்தாள். ரொம்ப நல்லாயிருக்கு என்று சொன்னாள். அதை அவள் சொன்ன விதத்தில் பூங்காவனத்துக்கு அன்றிரவு நிம்மதியான தூக்கம் வந்தது.

நரி மட்டும் அவசரப்படவில்லை. அது ஒரு நாளுக்காகக் காத்திருந்தது.

நவராத்திரி என்றால் புரட்டாசி என்பதுதான் அந்தக் காட்டில் எல்லாருடைய கணக்கும். பெரும்பாலான வருடங்களில் அது சரியாகவும் இருக்கும். சில வருடங்களில் பண்டிகை தள்ளி வரும். அப்போது கொலு படியில் இருக்கும்போதே புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்துவிடும். இது பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். பசியோடு இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தணிகாசலத்துக்கு மட்டும் லேசாகச் சந்தேகம் வந்தது. மாதம் முடிந்துவிட்டதோ என்று கேட்டான். பண்டிகையே இன்னும் முடியவில்லை, மாதம் எப்படி முடியும் என்று பூங்காவனம் கேட்டாள். அவன் சுண்டலுக்குத் தேங்காய் துருவப் போனான்.

ஐப்பசி பிறந்த அன்று விளக்கேற்றும் நேரத்தில் நரி சிறுத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தது. வழியெல்லாம் அது சிறுத்தைக்கு விஷயத்தை விளக்கியிருந்தது. ஓட வேண்டாம், துரத்த வேண்டாம், பதுங்க வேண்டாம். வரிசையாக, உயரவாரியாக, அலங்காரம் செய்து, விளக்கு வெளிச்சத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அசைய வேண்டாம் என்று தாயே சொல்லியிருக்கிறாள்.

சிறுத்தை வாசலில் நின்றது. அதன் நெற்றியில் நாமம் இல்லை.

பூங்காவனம் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்தாள். "வாங்கண்ணா, வாங்க. இவ்வளவு நாளா வரலையேன்னு நெனச்சேன்."

"விரதம் முடியட்டும்னு இருந்தேன்," என்றது சிறுத்தை. "இன்னைக்கு ஐப்பசி ஒண்ணு, தெரியுமில்லம்மா?"

சிறுத்தையின் கண்கள் கீழ்ப் படியில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறிப்போவதை அவள் பார்த்தாள். செட்டியாரிடம் கொஞ்ச நேரம் நின்றன. தொந்தி பஞ்சு என்று அதற்குத் தெரியாது. பிள்ளைகள் அசையவில்லை. அவர்களுக்கு மாதம் தெரியாது, சுண்டல்தான் தெரியும். ஓடுங்கள் என்று கத்தினால் முதல் தாவலில் சின்னவன் போய்விடுவான். தணிகாசலம் ஏற்கெனவே கண்ணை மூடிக்கொண்டுவிட்டான்.

அந்த நேரத்தில் அவளுக்கு எந்த யோசனையும் வரவில்லை. வாய் மட்டும் பழக்கத்தில், கொலுவுக்கு வந்தவர்களிடம் சொல்கிறதைச் சொன்னது.

"ஒரு பாட்டுப் பாடுங்கண்ணா. பாடாம யாரையும் அனுப்புறதில்லை."

சிறுத்தையிடம் அதுவரை எத்தனையோ பேர் எத்தனையோ கெஞ்சியிருக்கிறார்கள். பாடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அது தரையைப் பார்த்தது. வாலை ஒரு தடவை சுருட்டியது. பிறகு, அழைக்கப்பட்ட எல்லா விருந்தாளிகளும் சொல்வதையே அதுவும் சொன்னது. தொண்டை கட்டியிருக்கிறதாம்.

பூங்காவனத்துக்கு மூச்சு வந்தது. வெட்கப்படுகிறவரை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும்.

"அப்ப ஒரு படமாவது எடுத்துக்கலாம்ணா. கீழே நின்னா பிள்ளைங்க மறைக்குறாங்க. உச்சிப் படியில கலசம் மட்டும்தான் இருக்கு, ஏறி உட்காருங்க. அம்மனுக்கு வாகனம் இல்லாம இந்தக் கொலு நல்லாவே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க."

புலிதானே வாகனம் என்று நரி குறுக்கிட்டது. சிறுத்தை அதைத் திரும்பிப் பார்த்து, புலிக்கும் தனக்கும் தாத்தா ஒருவர்தான் என்றது. பிறகு ஒரு குழந்தையையும் மிதிக்காமல், படிக்குப் படி கால் பார்த்து வைத்து, மேலே ஏறிக் கலசத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

பூங்காவனம் படம் எடுத்துக் காட்டினாள். சிறுத்தை அதை நெடுநேரம் பார்த்தது. இடது பக்கத்திலிருந்து இன்னொன்று எடுக்கச் சொன்னது.

அவள் அந்தப் படத்தைக் காட்டில் இருந்த அத்தனை குழுக்களுக்கும் அனுப்பினாள். விளக்கில் எண்ணெய் குறைவதற்குள் வாசலில் நெரிசல். குரங்குகள் மரத்திலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வீடியோ எடுத்தன. பயந்து ஓட வேண்டிய மான்கள், பயந்து ஓடுகிற மாதிரி சிறுத்தைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டன. யாரோ ஆரத்தி எடுத்தார்கள். பூங்காவனம் சிறுத்தையின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். அதோடு காரியம் முடிந்தது. குங்குமம் வைத்துப் படியில் ஏற்றிய பொம்மையை விஜயதசமி முடியும்வரை இறக்கக் கூடாது என்பது கொலு வைக்கிற எல்லாருக்கும் தெரிந்த விதி. இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை மீறுவது, ஒரு முயலைத் தின்பதைவிடப் பெரிய பாவமாகச் சிறுத்தைக்குத் தோன்றியது.

அது அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் மோவாய்க்கு நேர் கீழே மணிக்குட்டி குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, சிறுத்தை மாமா வயிறு சத்தம் போடுது."

"பொம்மை பேசக் கூடாது," என்றாள் பூங்காவனம். அவள் குரல் உடைந்ததை யாரும் கவனிக்கவில்லை. கைதட்டல் அப்படி.

சுண்டல் வந்தது. கடலைச் சுண்டல், பட்டாணிச் சுண்டல், காராமணிச் சுண்டல். கூட்டம் வேறு பக்கம் பார்க்கும்போதெல்லாம் பூங்காவனம் ஒரு தொன்னையை உச்சிப் படிக்கு நீட்டுவாள். சிறுத்தை உதடு அசையாமல் தின்னக் கற்றுக்கொண்டது. விஜயதசமி அன்று இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிக்க வேண்டும் அல்லவா, சிறுத்தையையே படுக்க வைத்தார்கள். பிள்ளைகள் தாலாட்டுப் பாடினார்கள். அது உண்மையாகவே தூங்கிவிட்டது.

காலையில் அது கண் விழித்தபோது கொலு முடிந்திருந்தது. விதி முடிந்திருந்தது. பிள்ளைகள் எல்லாரும் கை எட்டும் தூரத்தில் இருந்தார்கள். பூங்காவனம் அதற்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்றாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஆனால் வெளியே ஒரு வரிசை நின்றிருந்தது. தீபாவளிக்கு வாசலில் இருத்த வேண்டும் என்று மிளாமான் குடும்பம் ஒன்று வந்திருந்தது. கார்த்திகைக்கு விளக்குகளுக்கு நடுவில் வேண்டும் என்று அணில்கள் கேட்டன. சிலுவை போட்டுக்கொண்ட ஆட்டுக்குடும்பம் ஒன்று, மார்கழியில் குடில் வைப்போம், சிறுத்தையும் ஆட்டுக்குட்டியும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தால் பார்க்க நன்றாயிருக்கும் என்றது. நரி வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தது. உச்சிப் படியில் நிஜச் சிறுத்தையை வைப்பது எப்படி என்ற வீடியோ அதற்குள் வெளியாகிவிட்டது. அந்த யோசனை தனக்கு வெகுநாளாகவே இருந்தது என்று நரி அதில் சொல்லியிருந்தது.

சிறுத்தை சோம்பல் முறித்து, பூங்காவனத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போய் வரிசையைப் பார்வையிட்டது.

இப்போது அது அலங்கரித்த வீடுகளில் யாரையும் தொடுவதில்லை. தொழில் தர்மம். ஓடைக்கு அந்தப் பக்கம் காட்டுப்பன்றிகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கொலு வைக்கும் பழக்கமும் இல்லை, கைபேசியும் இல்லை. சாப்பாட்டைச் சிறுத்தை அங்கே முடித்துக்கொள்கிறது. மிச்சம் நரிக்குப் போகிறது. காட்டில் எல்லாரும் சௌக்கியம். காட்டுப்பன்றிகளை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் நவராத்திரிக்குப் பூங்காவனம் முன்கூட்டியே சொல்லி அனுப்பினாள். சிறுத்தைக்கு அந்த வாரம் முழுவதும் வேறு இடத்தில் வேலை என்று நரி பதில் சொன்னது. கொலுவன்று அவள் வாசலில் நின்று பார்த்தாள். எதிர் வீட்டு உச்சிப் படியில், விளக்கு வெளிச்சத்தில், இடது பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது சிறுத்தை. கோமளம் அதன் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள்.

நம் பிள்ளைகள் அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள், அதைப் பார் என்றான் தணிகாசலம்.

பூங்காவனம் திரும்பாமலே சொன்னாள். "நம்ம வீட்டுல பழகினதுங்க அது. அவ வீட்டுப் படியில போய் உட்கார்ந்திருக்கு பாருங்க."

அன்று அவள் யாருக்கும் சுண்டல் கொடுக்கவில்லை.

நீதி: வீட்டுக்குள் வந்த ஆபத்தை விரட்டாதீர்கள், நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்து விளக்குப் போடுங்கள். அது பக்கத்து வீட்டுக்குக் குடிபோன பிறகுதான் அதன் அருமை தெரியும்.