நாற்பத்தொரு பச்சைகள்

உலகம் ஒழுங்காக நடப்பதற்குக் கேளம்பாக்கத்திலுள்ள எங்கள் நிறுவனத்தின் சோதனைகளே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாங்கள் கம்பைலர் செய்கிறோம். மனிதர் எழுதும் நிரலை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள் அது. தினமும் காலையில் அதன்மேல் நாற்பத்தொரு சோதனைகள் ஓடும். நாற்பத்தொன்றும் தேறித் திரையில் பச்சையாகும். பிறகு காபி.

எனக்குத் 'தகுதிகாண் பருவம்'. வேலை நிரந்தரமாக வேண்டுமானால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பிழையையாவது சரிசெய்திருக்க வேண்டும். திங்களன்று ஒன்று வந்தது. படப்பையில் எலெக்ட்ரானிக் தராசு செய்யும் ஜெயவேலு போன் செய்தார்.

"அரை கிலோ வெங்காயம் வச்சா சைபர்னு காட்டுது மேடம். கடைக்காரங்க தராசைத் தூக்கினு வந்து வாசல்ல நிக்கிறாங்க."

அவர் தராசுக்குள் ஓடும் நிரலை மாற்றித் தந்தது எங்கள் கம்பைலர்தான். அந்த நிரலில் ஒரு டெம்ப்ளேட் இருந்தது; அதாவது, எண்ணின் வகையை எழுதாமல் காலியாக விட்ட படிவம். வருவது முழு எண்ணா, தசமமா என்று கம்பைலரே ஊகித்து நிரப்ப வேண்டும். எங்கள் கம்பைலரோ முதலில் ஒரு முழு எண்ணைப் பார்த்துவிட்டால், பின்னால் வருபவை எல்லாம் முழு எண்களே என்று ஊகித்து, புள்ளிக்குப் பிறகு உள்ளதை வெட்டிவிடும்.

செவ்வாயன்று ஒரே வரியில் திருத்தினேன். ஜெயவேலுவின் தராசு அரை கிலோவை அரை கிலோ என்றது. நாற்பத்தொரு சோதனைகளும் சிவப்பாயின.

மேலாளர் பட்டாபிராமன் சார் என் இருக்கைக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா உதயா, நேத்து வரைக்கும் எல்லாம் நல்லாத்தானே இருந்தது?"

சோதனைகளில் 'சரியான விடை' என்றிருப்பவை பழைய கம்பைலர் தந்த விடைகளின் நகல்தான் என்று மெதுவாகச் சொன்னேன். மாணவன் எழுதியதையே விடைக்குறிப்பாக வைத்து அவன் தாளைத் திருத்துவது மாதிரி.

"அதனாலதானேம்மா எப்பவும் நூத்துக்கு நூறு," என்றார்.

புதனன்று கூட்டம், மூன்று மணி நேரம். ஒரே வரியால் நாற்பத்தொரு சோதனைகளைத் தோற்கடித்தவர் நிறுவன வரலாற்றில் இல்லை என்று தரப் பிரிவின் மெட்டில்டா மேடம் பதிவு செய்தார். விடைகளை மாற்றலாமே என்றேன். விடைகளை மாற்றுவது முறைகேடு என்றார். ஜெயவேலுவை முழு கிலோவாக நிறுக்கச் சொல்வதென்று முடிவாயிற்று. 'பயன்பாட்டு வழிகாட்டுதல்' என்ற தலைப்பில் மின்னஞ்சலும் போயிற்று.

வியாழனன்று என் வரியை நானே அழித்தேன். நாற்பத்தொன்றும் பச்சை. கைதட்டினார்கள்.

வெள்ளியன்று நிரந்தரக் கடிதம் கிடைத்தது. 'ஒரே நாளில் நாற்பத்தொரு தோல்விகளைத் தனி ஆளாகச் சரிசெய்தமைக்காக' என்றிருந்தது. இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். போன் அடித்தது.

"இன்னா மேடம், மறுபடியும் சைபர் காட்டுது," என்றார் ஜெயவேலு. "செவ்வாக்கிழமை கரெக்டாத்தானே காட்டிச்சு?"

"அது பிழை சார்," என்றேன். "சரி பண்ணிட்டோம்."