ஸ்டாப்வாட்ச் சார் எடுக்காத சராசரி

காத்திருப்பதையே முழுநேர வேலையாகச் செய்த ஒரே மனிதர், நான் அறிந்தவரை, எங்கள் ஸ்டாப்வாட்ச் சார்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வேங்கிக்காலில், ஒரு மாடியில் எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகம். தங்கும் விடுதிகளில் அறை பதிவு செய்யும் இணையதளம் செய்துகொண்டிருந்தோம். பொத்தானை அழுத்தினால் பக்கம் எத்தனை நொடியில் திறக்கிறது என்று சோதிப்பது அவரும் நானும். கணினியே நேரத்தைக் குறித்துவிடும். அவர் நம்பமாட்டார். "தன் பரீட்சைக்குத் தானே மார்க் போட்டுக்குமாம்மா?" என்று கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவார்.

அதற்கு ஓய்வே கிடையாது. டீ சொன்னால் டிக். முதலாளி தும்மினால், யார் முதலில் திரும்புகிறார்கள் என்று டிக். டீக்கடைக்காரர் ஒருநாள், "யோவ், டீ வேணுமா, பந்தயம் வெச்சிருக்கியா?" என்று கத்தினார். சார் அதையும் எழுதிக்கொண்டார்: "கோவம் வர நாலு நொடி."

பௌர்ணமி கிரிவலத்துக்குக் கூட்டம் வந்து அறைகளுக்கு அலைமோதும் முன்னால் நான் அறிக்கை கொடுத்தேன், மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டு.

"பத்து தடவை பாத்துட்டேன் சார். சராசரி ரெண்டு நொடி."

தாளைப் பார்த்தார். "ஒம்பது தடவை ஒரு நொடி. ஒரு தடவை பதினோரு நொடி. ரெண்டு நொடில யாருக்குமே திறக்கலியேம்மா!"

"கணக்கு சரிதானே சார்?"

"கணக்கு சரி. அந்தப் பதினோரு நொடிக்காரர் பொட்டியோட செங்கம் ரோட்டுல நிக்கிறாரே, அவருகிட்ட போயி சராசரிய சொல்லுங்க."

எனக்கு வேறொரு கவலையும் இருந்தது. ஒன்றரை வயது மகளைப் பக்கத்துக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்கு வருவேன். அங்கிருக்கும் ஆயாவிடம் ஒட்டிக்கொண்டு என்னை மறந்துவிடுவாளோ? ஒருநாள் மாலை, ஆயாவின் இடுப்பிலிருந்து இறங்க அவள் தயங்கியதுபோலவே இருந்தது. மறுநாள் ராஜினாமா கடிதம் எழுதி சாரிடம் நீட்டினேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் கடிதத்தைப் படிக்கவில்லை. தன் நோட்டைப் புரட்டினார். தினமும் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு அவர் நிற்பது காப்பகத்துக்கு எதிரில்தான்.

"நீங்க வாசல்ல கால் வெச்சதுலேர்ந்து, பாப்பா உங்க மேல வந்து தாவுற வரைக்கும். ஒரு மாசமா குறிச்சிட்டு வரேன்."

பயந்துகொண்டே கேட்டேன். "சராசரி எவ்ளோ சார்?"

"சராசரி எடுக்கலம்மா. இருக்கறதுலயே ஜாஸ்தி நேத்துதான். மூணு நொடி."

அந்தக் கடிதத்தை என்ன செய்தேன் என்று நினைவில்லை. அன்று மாலை காப்பக வாசலில் கால் வைத்தபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டிக் என்று கேட்டதாகவே தோன்றியது. திரும்பிப் பார்த்து ஒரு நன்றி சொல்ல நேரமில்லை, அவள் வந்துவிட்டாள்.