திங்கட்கிழமைக்குள் நாற்காலியை ஒப்படைக்கவும்

என் தங்கை சௌந்தரத்தின் கணவரும், மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பின்படி நம் ஊராட்சியின் முன்னாள் தலைவருமான திரு. தங்கமுத்து அவர்களின் மேலான கவனத்திற்கு, அதே தீர்ப்பின்படி இந்நாள் தலைவராகிய பொன்னழகு, எம்.ஏ., எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மூட்டுவலியும் நலம். தங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாக ரேஷன் கடை வரிசையில் சௌந்தரம் சொன்னாள், மகிழ்ந்தேன். அடுத்த தெருவில் இருப்பவருக்குப் பதிவுத் தபாலா என்று தபால்காரர் கேட்பார். கேட்கட்டும். கையெழுத்துப் போட்டு வாங்கியதைத் தாங்கள் பிறகு மறுக்க முடியாது.

பூட்டுச் சின்னத்தில் நின்ற நான் தோற்றதாக அறிவித்த அன்று, ஆட்டோச் சின்னத்தில் நின்ற தாங்கள் ஆட்டோவிலேயே ஊர்வலம் வந்தீர்கள். என் வீட்டு வாசலில் மட்டும் வெடியை நிறுத்தச் சொன்னீர்கள், மச்சானுக்கு நெஞ்சு படபடக்கும் என்று. அந்தப் பண்பை நான் மறக்கவில்லை. ஆனால் செல்லாதவை என்று ஒதுக்கிய சீட்டுகளை நீதிமன்றம் பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் பல ஒழுங்காகப் பூட்டில் முத்திரை குத்தியவை என்றும், மடித்ததில் மை மறுபக்கம் ஒட்டியது வாக்காளர் குற்றமல்ல என்றும் தெரிந்து, நானே வென்றவன் என்று தீர்ப்பானது. நாலரை ஆண்டு கழித்து வந்த தீர்ப்புதான், ஆனாலும் வந்தது. தாங்கள் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய் மேல்முறையீடு செய்தீர்கள். அது தங்கள் உரிமை. தடையும் கேட்டீர்கள், கிடைக்கவில்லை. தடை இல்லாதவரை தீர்ப்பு நடப்பில் இருக்கிறது என்பதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட விளக்கிவிடலாம். ஒன்றிய அலுவலகத்து அதிகாரிக்கு விளக்க முடியவில்லை.

"தடை வரலதான் சார். ஆனா வந்துட்டா?" என்றார்.

"வந்தால் இறங்கிவிடுகிறேன்."

"உங்கள ஏத்தி, அப்பறம் எறக்கி, ஒருவேளை மறுபடி ஏத்தி... அதுக்கு அவர அப்படியே விட்டுட்டா எங்களுக்கு வேலையே இல்லையே சார்!"

வணங்கி வெளியே வந்தேன். அந்தத் தெளிவுக்கு முன் என் எம்.ஏ. நிற்காது.

தீர்ப்பின் நகலோடு ஊராட்சி அலுவலகம் போனால், அங்கே மேசை இருக்கிறது, நாற்காலி இல்லை. "தலைவரு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு, தலைவரே" என்றார் செயலர் மொக்கைச்சாமி, ஒரே மூச்சில் இருவருக்கும் குறை வைக்காமல். தங்கள் வீட்டுக்கு வந்தேன். கூடத்தின் நடுவே அந்தச் சுழல் நாற்காலியில் இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டே, "பதவியத்தான மச்சான் தீர்ப்புல சொல்லிருக்கு? நாக்காலியப் பத்தி ஒரு வரி இருந்தாக் காட்டுங்க" என்று சொன்னீர்கள். "சட்டத்த அப்பறமாப் பேசுங்க, காப்பி ஆறுது" என்றாள் சௌந்தரம். காப்பி நன்றாக இருந்தது. அது வழக்கைப் பாதிக்காது.

அன்றுமுதல் தாங்கள் நாற்காலியோடு வீட்டில் கையெழுத்துப் போடுகிறீர்கள். நான் தீர்ப்போடு அலுவலகத்து மரஸ்டூலில் எதிலும் கையெழுத்துப் போட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். முதுகு சாய இடமில்லை. முட்டி இரண்டும் நெஞ்சுக்கு நேரே நிற்கின்றன. ஆகஸ்டு பதினைந்து அன்று பள்ளிக்கூடத்தில் நடந்தது இன்னும் மோசம். கொடிக்கயிற்றை நானும் பிடித்தேன், தாங்களும் பிடித்தீர்கள். தாங்கள் இழுக்க நான் விடவில்லை, நான் இழுக்கத் தாங்கள் விடவில்லை. கொடி பாவம், மேலே முடிச்சோடு நின்றது. தலைமையாசிரியை ஆனந்தமேரி வந்து, "ரெண்டு பேரும் கயித்த விடுங்க. பிள்ளைக வெயில்ல நிக்கிது" என்று சொல்லித் தாமே ஓர் இழுப்பு இழுத்தார். பூ கொட்டியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் எந்தச் சின்னத்திலும் நின்றவர் இல்லை.

இவ்வளவையும் பொறுத்தேன். நேற்று தங்கள் மகள் தமிழ்மதி தன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சைக் காட்ட வந்தாள். தங்கள் பெயருக்குக் கீழே 'ஊராட்சி மன்றத் தலைவர்' என்று தங்க எழுத்து. என் பெயருக்குக் கீழே 'தாய்மாமன்' என்று மட்டும். சிவப்பு மை எடுத்துத் தங்கள் பதவிக்கு முன்னால் 'முன்னாள்' என்று சேர்த்துக் கொடுத்தேன். குழந்தை அதைப் பார்த்தாள்.

"மாமா, நெய்க்காரப்பட்டி மாப்ள வீட்டுக்காரங்க எங்கப்பா தலைவருங்கிறதுக்காகவா பொண்ணு எடுக்குறாக? இம்புட்டுச் சண்ட போட்டீங்கன்னா நான் ஓடிப்போய்க் கட்டிக்கிருவேன். அப்பறம் ரெண்டு பேருமே முன்னாள்தான்."

தங்கள் வளர்ப்பு. பேச்சு மட்டும் என் தங்கையுடையது.

ஆகவே இதன்மூலம் அறிவிப்பது: வரும் திங்கட்கிழமைக்குள் நாற்காலி, அலுவலகச் சாவி, முத்திரை ஆகியவற்றை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். பதவிக்காலம் மார்கழியோடு முடிகிறது. மிச்சமிருக்கும் நாளிலாவது ஊர் எனக்குக் கொடுத்த இடத்தில் ஒருமுறை உட்கார்ந்து எழ வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஆசையில்லை. தவறினால், தீர்ப்பை உடனே நிறைவேற்றக் கோரும் என் மனு ஐப்பசி இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை மதுரையில் விசாரணைக்கு வருகிறது. இருவரும் நேரில் ஆஜராக உத்தரவு. அன்று அங்கே உறவென்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

சௌந்தரத்துக்கு என் அன்பு. தமிழ்மதிக்குப் பதினாறும் பெருக என் ஆசி. தாங்கள் கருப்பட்டி மிட்டாயைத் தொடாமலிருக்க என் எச்சரிக்கை.

இப்படிக்கு,
சட்டப்படியான தலைவர்,
பொன்னழகு, எம்.ஏ.

பி.கு. மாப்ள, உறையை ஒட்டப் போகையில் சௌந்தரம் வந்தாள். நான் திருத்திய பத்திரிகையை என் முன்னால் போட்டு, "அண்ணே, பதவியத் திருத்துனியே, தேதியப் பாத்தியா?" என்றாள். ஐப்பசி இரண்டாம் வெள்ளி. காலை முகூர்த்தம். பெண்ணைப் பெற்ற நீயும் தாய்மாமன் நானும் அந்நேரம் மதுரைக் கோர்ட்டு வராந்தாவில் நின்றிருப்போம். வக்கீல் அப்துல் லத்தீப்புக்குப் போன் போட்டேன். "வாய்தா வாங்கிரலாம் சார். ஆனா அடுத்தது பொங்கலுக்கு அப்பறம்தான். அதுக்குள்ள உங்க பதவிக்காலமே முடிஞ்சிரும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசிச்சாச்சு, வாங்குங்க என்று சொல்லிவிட்டேன். சாவி, முத்திரை எல்லாம் உன்னிடமே இருக்கட்டும். சிவப்பு மையை எடுத்துவிட்டு, முன்பு இருந்தபடியே அச்சுக்குக் கொடு. ஒன்றே ஒன்று மட்டும். மண்டபத்து மேடையில் என்னால் சம்மணம் போட ஏலாது. முட்டி உனக்குத் தெரியும். அந்தச் சுழல் நாற்காலியை வண்டியில் ஏற்றிக் கொண்டுவா. தாலி கட்டி முடியும்வரை செத்த நேரம் உட்கார்ந்துகொள்கிறேன்.