தயார்நிலைக் கமிட்டியும் என் தங்கையின் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்

மனிதன் நிமிர்ந்து நின்ற நாள் முதல் ஓடிக்கொண்டிருக்கிறான். எப்போது ஓடக்கூடாது என்பதை முதன்முதலில் கண்டறிந்தது எங்கள் கழகம். வரலாறு இதை ஒருநாள் குறித்துக்கொள்ளும். அதுவரை நான் சொல்லிவைக்கிறேன். நான் கழகத்தின் செயலாளர்.

கழகத்தின் பெயர் 'முதல் மாரத்தான் கழகம்'. நாற்பத்திரண்டு கிலோமீட்டரை முதன்முறையாக ஓட விரும்புகிறவர்கள் சேரலாம். சேர்ந்தவர்கள் அனைவரும் இன்றும் முதன்முறையாக ஓட விரும்புகிறவர்களே. உறுப்பினர்களை இப்படித் தக்கவைத்துக்கொண்ட கழகம் வேறு உண்டா, தெரியவில்லை.

ஷூ கடை ஒன்றின் மாடியில் எங்கள் அறை. நடுவில் ஒரு டிரெட்மில். தண்ணீர்க் கூஜாவும் தம்ளர்களும் அதன் கைப்பிடித் தட்டில் இருக்கும். தலைவர் அதன்மேல் ஏறி நின்றுதான் பேசுவார். ஒருமுறை யாரோ கைதவறி சுவிட்சைத் தட்டிவிட, உரையின் நடுவே தலைவர் இரண்டடி பின்னோக்கிப் போனார். பேச்சை நிறுத்தவில்லை. கழகத்தின் மொத்த ஓட்ட தூரத்தில் அந்த இரண்டடியும் அடக்கம்.

தலைவர் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறுவதற்கு முன்பே ஓய்வில் தேர்ந்தவர். எங்கள் கழகத்தின் அடித்தளமான கோட்பாடு அவருடையது.

பந்தயத்துக்கு முந்தைய மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வு தர வேண்டும். எல்லா ஓட்டக்காரர்களும் ஒப்புக்கொண்ட விதி இது. மற்றவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். தலைவர் நின்றார். யோசித்தார். "மூணு வாரம் ஓய்வு எடுத்தாலே இவ்வளவு பலன்னா, மூணு வருஷம் எடுத்தா?" என்று கேட்டார். அன்று ஓய்வில் அமர்ந்தவர்கள் நாங்கள். ஆறு வருடமாகிறது. எங்கள் கால்களில் சேர்ந்திருக்கும் சக்தியை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

ஓய்வு ஒரு பக்கம் நடக்க, உறுப்பினர்களின் தகுதியை ஆராய 'தயார்நிலைக் கமிட்டி' ஒன்றும் அமைந்தது. அதன் கையில் அதிகாரம் வந்தது தற்செயல். நகரத்தில் ஆண்டுக்கொரு மாரத்தான் நடக்கிறது. முதல்முறை ஓடுகிறவர்கள் ஏதாவது ஓர் ஓட்டக் கழகத்தின் முத்திரையோடு வர வேண்டும் என்று நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். நகரத்தில் இருந்த ஒரே கழகம் எங்களுடையது. முத்திரை என் சட்டைப்பையில் இருக்கிறது. மை இன்னும் புதிதாகவே இருக்கிறது.

இந்த இடத்தில் என் தங்கை வருகிறாள்.

பல்செட் செய்வது அவள் வேலை. காலை முதல் மாலை வரை மெழுகில் ஈறு செதுக்கி, பல் பதித்து, அடுத்தவர் வாயைச் சரிசெய்கிறவள். விடியுமுன் தனியாக ஓடுவாள். யாரிடமும் கலந்தாலோசிக்காமல், ஏதோ தண்ணீர் குடிப்பதுபோல ஓடுவாள். இரண்டு வருடமாக விண்ணப்பிக்கிறாள். இரண்டு வருடமும் கமிட்டி அவள் நலன் கருதி மறுத்தது. இந்த ஆண்டு விஷயம் வேறு. பந்தயப் பாதையில் சுரங்க ரயிலுக்குத் தோண்டப்போகிறார்கள். இதுதான் கடைசி மாரத்தான் என்று அறிவித்துவிட்டார்கள்.

செய்தி வந்ததும் கழகம் மகிழ்ச்சியில் திளைத்தது. இனி ஓய்வுக்கு இடையூறு இல்லை. தங்கை மட்டும் மூன்றாவது முறையாக மாடி ஏறி வந்தாள்.

"சொல்லும்மா. நீ தயாரா?" என்றார் தலைவர்.

"தயார் சார்."

தலைவர் எங்களைப் பார்த்தார். "தன்னம்பிக்கை அதிகமா இருக்கு. இதுதான் ஆபத்து."

"சரி, தயாரில்லைன்னு வச்சுக்கோங்க."

"அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்றார் தலைவர் எங்களிடம்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் கூஜாவைப் பார்த்தேன்.

அடுத்து 'கடிகாரம்' எழுந்தார். இரண்டு கைகளிலும் ஓட்டக்காரர்களுக்கான வாட்ச் கட்டியிருப்பதால் அந்தப் பெயர். ஒன்று அவர் எடுத்துவைக்கும் அடிகளை எண்ணும். மற்றது அவர் தூக்கத்தை அளக்கும். இரண்டாவதில் அவருடைய சாதனைகள் பல.

"இதுவரைக்கும் ஒரே மூச்சுல எவ்வளவு தூரம் ஓடியிருக்கீங்க?"

"முப்பத்திரண்டு கிலோமீட்டர்."

"மாரத்தான் நாப்பத்திரண்டு. மீதி பத்து?"

"அன்னிக்கு ஓடுவேன்."

"அப்போ அந்தப் பத்தை ஓடிப் பழக்கமே இல்லை."

"முதல் மாரத்தான்னா அப்படித்தானே சார் இருக்கும்?"

"அதைத்தான் நாங்களும் சொல்றோம். முதல்ல ஒரு மாரத்தான் ஓடிட்டு வாங்க. அப்புறம் முதல் மாரத்தானுக்கு அனுமதி தர்றோம்."

இவ்வளவு எளிய நிபந்தனை. தங்கைக்கு அது புரியவில்லை. படிப்பு வேறு, பக்குவம் வேறு.

பிறகு உடல் பரிசோதனை. ஷூவைக் கழற்றச் சொன்னார் தலைவர். கால் பெருவிரல் நகங்கள் இரண்டும் கறுத்திருந்தன.

"ஐயோ, நகம் செத்துருக்கே."

"தூரம் ஓடினா அப்படி ஆகும் சார். எல்லாருக்கும் ஆகறதுதான்."

"எல்லாருக்குமா?" கடிகாரம் தன் செருப்பை உதறினார். ரோஜா இதழ்போல் பத்து நகங்கள். "இதைப் பாருங்க. இது ஓட்டக்காரன் கால். உங்களோடது அடிபட்ட கால்."

தங்கை ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தாள். தலைவரின் அருகே போய், கொஞ்சம் குனிந்து அவர் வாயை உற்றுப் பார்த்தாள். தொழில் பழக்கம்.

"மேல் செட்டு நல்லா உட்கார்ந்திருக்கா சார்?"

"அருமையா இருக்கும்மா."

"நான் செஞ்சது. நான் செஞ்ச பல்லை வச்சுக்கிட்டு என்னையே கடிக்கிறீங்களே. அதை மாட்டறதுக்கு முன்னாடி வாய் தயாராகட்டும்னு ஆறு வருஷம் காத்திருந்தீங்களா?"

தலைவர் பெருந்தன்மையாளர். வாயை மூடிக்கொண்டார். விண்ணப்பம் ஒருமனதாக ஒத்திவைக்கப்பட்டது.

பந்தயத்துக்கு முந்தைய மாலை அவள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். என் மனைவி காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, முத்திரை உன்கிட்டதானே இருக்கு? ஒரு தடவை குத்து. யாருக்குத் தெரியப்போகுது?"

"முத்திரைதான் என்கிட்ட இருக்கு. அதிகாரம் கமிட்டிகிட்ட இருக்கு."

"இந்த வீட்டுல மட்டும் அதிகாரம் உங்ககிட்டயா இருக்கு?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "இங்க தைரியமா பேசறீங்களே, அதுபோல அங்கயும் பேசறது."

"நீ சும்மா இரு. இது கொள்கை."

"அலை ஓஞ்ச பிறகு கடல்ல குளிக்கலாம்னு கரையில உட்கார்ந்திருக்கிற கூட்டம். கொள்கையாம்."

தங்கை சிரிக்கவில்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"காலையில ஓடறப்போ மட்டும்தான் அண்ணா யாரும் என்னை எதுவும் கேக்கறதில்லை. சாவி எங்க, சாப்பாடு என்ன, செட்டு எப்போ வரும்னு. அது பாதியிலயே முடிஞ்சு போகுது, வேலைக்குப் போகணும்னு திரும்பிடறேன். ஒரே ஒரு தடவை அதோட முடிவு வரைக்கும் போய்ப் பார்க்கணும். அடுத்த வருஷம் ரோடே இருக்காது."

என் கை சட்டைப்பைக்குப் போனது. முத்திரை தட்டுப்பட்டது. அதற்குமேல் நான் போகவில்லை. ஆறு வருட ஓய்வு எனக்கு அந்தக் கட்டுப்பாட்டைத் தந்திருக்கிறது.

"நீ நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கழகம் முழுபலத்தோடு முடிவுக்கோட்டருகே கூடியது. மடக்கு நாற்காலிகள், தொப்பி, குடை. ஓடி வந்தவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்தோம். "மூச்சு வாங்குது பாருங்க. தயாரில்லாம வந்திருக்கான்" என்றார் தலைவர். முதலில் வந்தவனைத்தான் சொன்னார். மாலையும் பதக்கமும் கழுத்தில் விழுந்த பிறகும் அவன் தயாரில்லை என்பது எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வெயில் ஏறியது. கூட்டம் கலைந்தது. முடிவுக்கோட்டில் நிறுத்தியிருந்த அலங்கார வளைவைப் பிரிக்கத் தொடங்கினார்கள். அப்போது நடைபாதையில் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். மார்பில் எண் இல்லை. எண் இல்லாததால் சாலையில் விடவில்லையாம், கடைசி ஆள் கிளம்பிய பிறகு ஓரமாகவே ஓடியிருக்கிறாள். எண் இல்லாததால் வழியில் தண்ணீரும் கொடுக்கவில்லையாம். வளைவின் ஒரு காலைக் கழற்றிவிட்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒற்றைக்காலைத் தொட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். பிறகு படுத்துவிட்டாள்.

என் தங்கை.

"கழகத்தோட அனுமதி இல்லாம முடிச்ச ஓட்டம் செல்லாது" என்றார் கடிகாரம். எந்த வாட்சையும் பார்க்காமல் சொன்னார்.

"அண்ணா!" அவள் கெண்டைக்கால் கட்டையாக முறுக்கிக்கொண்டிருந்தது. தோலுக்கடியில் ஏதோ துள்ளியது. "கால் பிடிச்சிருச்சு. எந்திரிக்க முடியல. வண்டியைக் கொண்டு வா. ஓடு!"

வண்டி தெருக்கோடியில் நின்றது. உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. நான் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு கால் முன்னால் போய்விட்டது. தலைவர் என் தோளைப் பிடித்தார்.

"செயலாளரே, வார்ம்-அப் பண்ணீங்களா?"

"இல்லை."

"ஆறு வருஷ ஓய்வு. ஒரு வண்டிக்காக அதைக் கலைக்கப் போறீங்களா?"

கடிகாரம் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "நாடி எகிறுது சார். இப்போ ஓடினா ஆபத்து."

"தங்கச்சி கீழே கிடக்கிறா" என்றேன்.

"அதனாலதான் எகிறுது. உணர்ச்சிவசப்பட்டு ஓடறவன் பாதியில விழுவான்னு நாமதானே சொல்றோம்? கமிட்டி கூடட்டும்."

கூடியது. நாற்காலிகள் ஏற்கெனவே இருந்தது வசதியாகப் போயிற்று. நான் ஓடலாமா என்பது முதல் கேள்வி. ஓடாமல் வேகமாக நடக்கலாமா என்பது அடுத்தது. வேக நடை எந்த இடத்தில் ஓட்டமாகிறது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. பதற்றமில்லாத, கண்ணியமான விவாதம். இடையில் ஒருமுறை, "அண்ணா" என்று கேட்டது. விவாதத்தின் போது குறுக்கீடுகளைப் பொருட்படுத்தக்கூடாது என்பது விதி.

கடைசியில் வாக்கெடுப்பு. செயலாளர் இன்னும் தயாராகவில்லை. ஒருமனதாக நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். தூக்குவதற்காகச் சாவியை நாற்காலியில் வைத்தேன்.

கையை இறக்கியபோது நாற்காலியில் சாவி இல்லை.

தெருவில் பார்த்தோம். என் தங்கை ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு வண்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். பாதி வழியில் விழுந்தாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். மறுபடி நொண்டினாள்.

"பார்த்தீங்களா, விழுந்துட்டா" என்றார் தலைவர். "நம்ம முடிவு சரிதான்."

அதையும் வாக்கெடுப்புக்கு விட்டார். எல்லோரும் கை தூக்கினோம். இந்த முறை எனக்குச் சுலபமாக இருந்தது. கையில் ஒன்றும் இல்லை.