விரல் ஆடுதே!

"எங்க, விரலை ஆட்டுங்க பாக்கலாம்."

வெள்ளியங்கிரி ஆட்டினார். வலது கையின் ஐந்து விரல்களும் ஆடின. கண்ணில் மட்டும் தண்ணீர் முட்டியது.

"ஆடுதில்லீங்க? அப்ப எலும்பு முறியல. வெறும் சுளுக்குத்தான்" என்று தீர்ப்புச் சொன்னாள் அவர் மனைவி மருதாம்பாள். சூடாக்கிய எண்ணெயை ஊற்றி, சப்பாத்தி தேய்க்கிற வேகத்தில் மணிக்கட்டை நீவத் தொடங்கினாள்.

வெள்ளியங்கிரி கத்தவில்லை. கத்தக் கூடாது என்று வாயில் மஃப்ளரைத் திணித்துக்கொண்டிருந்தார். பக்கத்து குவார்ட்டர்ஸில் ஹெட்கிளார்க் குமாரசாமி இருந்தார்.

தேயிலை விலை விழுந்து கிடந்த நேரம் அது. குன்னூர் ஏலத்துக்குப் போன சரக்கு போன வேகத்திலேயே திரும்பி வந்தது. ஃபாக்டரியில் மூட்டைகள் கூரையைத் தொட்டன. வெள்ளியங்கிரி கிளார்க்காக இருந்த எஸ்டேட் ஆபீஸின் நாலு பேரில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு.

"கையாலாகாத ஆளைத்தான் மொதல்ல கழிப்பாங்க" என்று குமாரசாமி சொல்லி முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. இலை வாட்டுகிற மாடியின் படியில் ஈர இலையை மிதித்து வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார் வெள்ளியங்கிரி. யாரும் பார்க்கவில்லை. அதை அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

விடிந்தபோது மணிக்கட்டு பன்னு மாதிரி உப்பியிருந்தது.

"எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போலாமுங்க" என்றாள் மருதாம்பாள்.

"கம்பவுண்டர் ராஜரத்தினம் வாய்க்குப் பூட்டு உண்டா? பத்து நிமிசத்துல ஃபாக்டரி சங்கே ஊதிரும்."

மச்சினிச்சி வீட்டுக் கல்யாணம் என்று லீவு சொல்லிவிட்டு, இருவரும் மேட்டுப்பாளையத்துக்கு பஸ் ஏறினார்கள். பர்லியார் மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவர் எலும்பு தனியாகத் திரும்பியது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "முறிஞ்சிருக்கு."

"ஃபிராக்சர் இல்லீங்களே டாக்டர்? சும்மா கிராக்குத்தானுங்களே?"

"கிராக்குன்னாலும் ஃபிராக்சர்னாலும் முறிவுதானுங்க. உங்களுக்குத் துண்டு விலகியே நிக்குது."

"ஆனா விரல் ஆடுதுங்களே!"

"விரலை ஆட்டறது தசை. மணிக்கட்டுல எலும்பு முறிஞ்சாலும் அது ஆடும். இத யாரு நீவிவிட்டது?"

மருதாம்பாள் சுவரில் இருந்த காலண்டரை அக்கறையாகப் படித்தாள்.

மரத்துப்போக ஊசி போட்டு, எலும்பை இழுத்து நேராக்கி, மாவுக்கட்டுப் போட்டார்கள். "ஆறு வாரம் பிரிக்கக் கூடாது. தண்ணி படக் கூடாது. கையை நெஞ்சுக்கு மேல தூக்கியே வெச்சிருங்க, வீக்கம் வடியும். விரல் நீலமானாலோ மரத்தாலோ உடனே ஓடி வாங்க. எங்க விழுந்தீங்க?"

"ஊட்ல. பாத்ரூம்லங்க" என்றார் வெள்ளியங்கிரி, யோசிக்காமல்.

குளிர் அவருக்குக் கைகொடுத்தது. பெரிய ஜெர்கின் ஒன்றை வாங்கி மாட்டி, கட்டை உள்ளே ஒளித்துக்கொண்டு ஆபீஸ் போனார். இடது கையால் எழுதினார். மூட்டைக் கணக்கில் ஏழெல்லாம் ஒன்றாகவும் ஒன்றெல்லாம் கோடாகவும் தெரிந்தன. டாக்டர் சொன்னபடி கையை நெஞ்சோடு தூக்கியே வைத்திருந்ததில் வேறு வினை வந்தது.

"ஏனுங்க வெள்ளியங்கிரி, எப்பப் பாத்தாலும் நெஞ்சப் புடிச்சுட்டே இருக்கறீங்க?" என்றார் குமாரசாமி.

"குளிருங்க."

மத்தியானத்துக்குள் அவருக்கு ஹார்ட் அட்டாக் என்று ஃபாக்டரி முழுக்கப் பரவிவிட்டது. கொழுந்து எடுக்கிற பெண்கள்கூட ஜன்னலில் எட்டிப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

கையை இறக்கினார். விரல்கள் வீங்கின. மூன்றாவது வாரச் சனிக்கிழமை காலையில் அடுத்த இடி விழுந்தது. திங்கட்கிழமை கோயமுத்தூரிலிருந்து புது மேனேஜர் சரத் வருகிறார்; ஒவ்வொருவரோடும் கை குலுக்கிப் பேசி, யாரை அனுப்புவது என்று முடிவு செய்வார்.

வெள்ளியங்கிரி அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்து, ஒரு பக்கெட் வெந்நீரில் கையை முக்கினார்.

"டாக்டர் ஆறு வாரம்னாருங்க!"

"ஆறு வாரம் கழிச்சுக் கை இருக்கும், வேலை இருக்காது. கத்தியை எடு."

வீட்டில் இருந்தது, செடி கவாத்து செய்கிற கத்தி. மருதாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு அறுத்தாள். அவரும் மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை, மெலிந்துபோன கையை வீசிக்கொண்டு ஆபீஸுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். குமாரசாமியின் இடது கால் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டோடு ஸ்டூலில் இருந்தது. இன்னொரு கிளார்க் மனோகரன் கை கட்டோடு தூளியில் தொங்கியது. டைப்பிஸ்ட் ரஞ்சனிக்குக் கட்டைவிரலோடு சேர்த்து மணிக்கட்டில் கட்டு. எல்லாம் பளிச்சென்று புதுசு.

"அடடா! எல்லாரும் ஒண்ணாவா விழுந்தீங்க?"

"மாடிப்படிங்க. வழுக்கிருச்சு" என்றார் குமாரசாமி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

சரத் உற்சாகமான இளைஞர். வெள்ளியங்கிரியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். வெள்ளியங்கிரிக்குக் குலதெய்வம் நேரில் தெரிந்தது. சிரித்தார்.

"நல்ல பிடி! அதனாலதான் எனக்கு வருத்தமா இருக்குங்க" என்றார் சரத். "ஃபாக்டரில அடிபட்டவங்களைக் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அனுப்பக் கூடாதுன்னு கம்பெனி உத்தரவு. சனிக்கிழமை மத்தியானமே போர்டுல ஒட்டியாச்சே, பாக்கலீங்களா? கட்டில்லாம இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

"சார்! எனக்கும் கை முறிஞ்சிருக்குங்க!"

"எங்க, விரலை ஆட்டுங்க."

ஆட்டினார். ஐந்தும் ஆடின.

"விரல் ஆடுதே!" என்றார் சரத்.

"ஆடும் சார், அது தசைங்க! டாக்டரைக் கேட்டுப் பாருங்க..." என்றவர், டாக்டரிடம் பாத்ரூம் என்று சொன்னது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

"சரி. சாயங்காலத்துக்குள்ள கட்டோட வாங்க. பாக்கலாம்."

டிஸ்பென்சரிக்கு ஓடினார். ஒவ்வோர் அடிக்கும் கை விண்ணென்று தெறித்தது. ராஜரத்தினம் முழங்கை வரை அப்பியிருந்த வெள்ளை மாவைக் கழுவிக்கொண்டிருந்தார். இலங்கைத் தோட்டத்தில் வைத்தியம் பழகிய அவர் கை, மணிக்கட்டைத் தொட்டதுமே நின்றது.

"ஐயோ, கிளாக்கரையா! இது நெசமான முறிவு!"

"அதத்தானய்யா ஊருக்கே சொல்லிட்டிருக்கறேன்! சீக்கிரம் கட்டைப் போடுங்க!"

ராஜரத்தினம் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார்.

"நேத்து வந்திருக்கப்படாதா? இருந்த மாவு மொத்தத்தையும் இன்னிக்குக் காலங்காத்தால முறியாத மூணு பேருக்குப் போட்டுத் தீத்துப்புட்டேனே!"